மிதிக்கச் சொன்னேன்

லீசிங் கம்பனியிலிருந்து வந்தவன்
பிரட்டுக் களத்தில் நின்ற வேனைப் பார்த்துவிட்டுத்தான்
என்னைப் பார்த்தான்.
மூன்று தவணை பிந்திய முகம்
எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம்.
பொகவந்தலாவைப் பக்கம் பனி விலகவில்லை.
நான் முன்சக்கரத்தடியில் குந்தியிருந்தேன்,
டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி.
ஸ்டியரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை ஒடித்தால்
சக்கரம் வெளியே முகம் திருப்பும்,
அதன் முதுகுப்புறம் தெரியும் அந்தக் கறுப்புக் குழாய்:
சுண்டுவிரல் தடிப்பு,
ஒரு முழத்துக்கும் குறைவு.
பதினேழு பிள்ளைகளும் அதிலேதான் தொங்குகிறார்கள்.

"பேர் இர்ஷாட். கம்பளையில இருந்து வாறேன்.
சாவியத் தாங்க. சத்தம் வேணாம்."

"தர்றேன் தம்பி.
மொதல்ல ஏறி உக்காந்து
பிரேக்க ஒரு தடவ மிதிங்க.
மிதிக்க ஆளில்லாம
மூணு நாளா இதப் பாக்க முடியல."

ஏன் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை.
அவன் ஏன் ஏறினான் என்பதும்.
சேற்றுச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினான்,
பாய் விரித்த வீட்டுக்குள் வருகிறவன் மாதிரி.

மிதித்தான்.
வலப்பக்கம் ஒன்றுமில்லை.
குழாய் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது.
இடப்பக்கம்,
இணைப்பிலிருந்து நாலு விரல் தள்ளி,
ரப்பர் மெல்ல ஊதியது,
மழைக்கு முன் கத்தப்போகும் தவளையின் தொண்டை.
"விடுங்க."
வற்றியது.
"மிதிங்க."
ஊதியது.

வளைத்துப் பார்த்தேன். கொழுந்தெடுக்கிற கையில்
கறையேறிய ரேகை போல வெடிப்புகள்.
டயர் உரசி உரசி ஓரிடத்தில்
உள்ளே இருந்த நூல் பின்னல் வெளியே வந்திருந்தது.
துணியால் ஒற்றினேன். ஈரம்.
மழையீரம் உலரும்,
இது வழுக்கும்.

சொல்லாமல் சாவியைக் கொடுத்திருக்கலாம்.
நோர்வூட் வரை எப்படியும் சமாளித்திருப்பான்.
ஹட்டன் தாண்டி
கினிகத்தேனை இறக்கத்தில்
ஏதோ ஒரு வளைவுக்கு மட்டும்
கால் போதாமல் போயிருக்கும்.
அப்படி நினைத்தாயா என்று கேட்டால்,
நினைத்தேன்.
சரியாக அப்போதுதான் மேல்கணக்குச் சங்கு ஊதியது.
அது ஓயும்வரை நினைத்தேன்.

"எறங்கி வந்து பாருங்க."

நம்பவில்லை.
நம்பாமலிருப்பதற்குத்தானே அவனுக்குச் சம்பளம்.
"வண்டியக் குடுக்காம இருக்க
ஒங்கட வேல இது."
டோர்ச்சை அவன் கையில் கொடுத்துக் குந்தவைத்தேன்.
ஏறி மிதித்தேன்.
கீழேயிருந்து சத்தமில்லை.
இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னான்.
பிறகு இன்னொரு தடவை,
மெதுவாக.

"நேத்து இந்த வண்டியிலயா
புள்ளைங்க போனாங்க?"

மிதி ஆழமாய்ப் போவதை
மூன்று நாளாய் என் கால் அறியும்.
மூன்று நாளும் ஓட்டினேன்.
ஓடாத நாளுக்கும் வட்டி ஓடும் என்று
அவனுக்குச் சொல்லியிருக்கலாம்,
அவனுடைய கம்பனிதானே.
சொல்லவில்லை.

களத்து மேல்படியில் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்,
வெள்ளைச் சீருடைக்கு மேல் கம்பளிச் சட்டை,
வாயிலிருந்து புகை விட்டு விளையாட்டு.
டிவோனிக்கா எப்போதும் போல முதல் ஆள்:
"வேன் இன்னைக்குப் போகாதா?"

"போகாது," என்றான் இர்ஷாட், எனக்கு முன்னால்,
வேன் ஏற்கெனவே தன்னுடையது மாதிரி.

சப்பாத்தை மாட்டினான்.
கொஞ்சம் தள்ளிப் போய் ஃபோனில் பேசினான்:
"ஓடுற நெலமையில இல்ல சேர்.
இல்ல சேர், நானே பாத்தேன்.
நானே மிதிச்சேன்."

பஸ் நிறுத்தத்துக்கு எல்லோரும் நடந்தோம்.
பிள்ளைகள் முன்னால்,
நாங்கள் பின்னால், பேசாமல்.
பாலத்துக்குக் கிட்ட வந்தபோது
ஹட்டனில் ஒரு ஹோஸ் என்ன விலை என்று கேட்டான்.
எனக்காகவா கம்பனிக்காகவா தெரியாது.
சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது.
என் கையில்
ஹோஸ் அளவுக்கு ஒடித்த
ஒரு தேயிலைக் குச்சி.